செப்டம்பர் 11 காலையில் அமெரிக்க வான்காப்பு என்ன செய்துகொண்டிருந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2001 செப்டம்பர் 11 பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் தமிழில் சுற்றிச் சுற்றி வரும் சந்தேகங்கள் இவை. அன்று நான்கு பயணிகள் விமானங்கள் கடத்தப்பட்டன: அமெரிக்கன் 11, யுனைடெட் 175 இரண்டும் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களில் மோதின, அமெரிக்கன் 77 பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் மோதியது, யுனைடெட் 93 வயலில் விழுந்தது. பதில்களில் உள்ள நேரங்கள் எல்லாம் அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரம். பெரும்பாலானவை 9/11 விசாரணை ஆணையம் ஒலிநாடாக்களையும் ராடார் பதிவுகளையும் ஒப்பிட்டு 2004 ஜூலையில் வெளியிட்டவை. ராணுவம் முதலில் சொன்ன நேரங்கள் வேறு. அது ஏன் என்பதற்கும் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

அமெரிக்க வான்வெளியைக் காப்பது யார் பொறுப்பு? விமானப்படையா?

நோராட் என்ற அமைப்பின் பொறுப்பு. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 1958-ல் உருவாக்கிய வட அமெரிக்க வான்காப்புக் கட்டளையகம் அது. அதன் கீழே அமெரிக்கப் பெருநிலத்தை மூன்று பிரிவுகள் கவனித்தன. நியூயார்க், வாஷிங்டன் இரண்டும் வடகிழக்குப் பிரிவின் கையில் இருந்தன. அதன் கட்டுப்பாட்டு அறை நியூயார்க் மாநிலத்தின் ரோம் என்ற சிற்றூரில் இருந்தது. கீழே "ரோம்" என்று வருமிடமெல்லாம் இந்த அறையைத்தான் குறிக்கும்.

நோராட்டின் பணியைச் சொல்லும் ஆவணத்தில் வெளி ஆபத்து, உள் ஆபத்து என்ற பிரிவினையே கிடையாது. ஆனால் சோவியத் குண்டுவீச்சு விமானங்களை எதிர்பார்த்துப் பிறந்த அமைப்பு என்பதால், தன் வேலை கடலைப் பார்த்து நிற்பதுதான் என்று அது தானாகவே முடிவுகட்டிக்கொண்டது. பின்னால் வரும் பெரும்பாலான பதில்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

உலகத்திலேயே பெரிய விமானப்படை. அன்றைக்கு எத்தனை போர் விமானங்கள் தயாராக இருந்தன?

பதினான்கு. அலாஸ்காவை விட்டுவிட்டால், பெருநிலம் முழுவதற்கும் 7 தளங்கள், தளத்துக்கு 2 விமானங்கள். பனிப்போர்க் காலத்தில் 26 தளங்கள் வரை இருந்தன. சோவியத் யூனியன் கலைந்ததும் செலவு வீண் என்று ஒவ்வொன்றாக மூடினார்கள். மிஞ்சியவற்றையும் மூடலாமா என்ற பேச்சு பாதுகாப்புத் துறைக்குள் நடந்தது.

வடகிழக்குப் பிரிவுக்கு இருந்தவை இரண்டு தளங்கள்: மாசசூசெட்ஸின் ஓட்டிஸில் எஃப்-15 இரண்டு, வர்ஜீனியாவின் லாங்லியில் எஃப்-16 இரண்டு. மற்ற தளங்களில் நூற்றுக்கணக்கில் விமானங்கள் நின்றன என்பது உண்மைதான். ஆனால் எரிபொருள் நிரப்பி, ஏவுகணை மாட்டி, விமானியை எழுப்பி ஓடுபாதைக்குக் கொண்டுவர மணிக்கணக்கில் ஆகும். உஷார் நிலையில் இருப்பவை மட்டும்தான் சில நிமிடங்களில் கிளம்பும்.

விமானம் கடத்தப்பட்டால் ராணுவத்துக்குச் செய்தி போகும் வழி எது?

காகிதத்தில் இருந்த வழி நீளமானது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தன் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். அவர் வழியே செய்தி எஃப்ஏஏ எனப்படும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தலைமையகத்துக்குப் போகும். அங்குள்ள கடத்தல் ஒருங்கிணைப்பாளர் பென்டகனின் தேசிய ராணுவக் கட்டளை மையத்தைக் கேட்க வேண்டும். அவர்கள் பாதுகாப்பு அமைச்சர் அலுவலகத்தின் ஒப்புதல் பெற்று நோராட்டிடம் சொல்ல, நோராட் போர் விமானத்தைக் கிளப்பும். கிளம்பிய விமானம் 5 மைல் பின்னாலேயே பறந்து கண்காணிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

கடத்தியவர்கள் விமானத்தை எங்காவது இறக்கிப் பேரம் பேசுவார்கள், விமானம் ராடாரில் தெரிந்துகொண்டே இருக்கும், மேலே கேட்டு ஒப்புதல் வாங்க நேரம் இருக்கும் என்ற மூன்று நம்பிக்கைகளின் மேல் கட்டிய வழிமுறை இது. அன்று காலையில் மூன்றும் பொய்த்தன. எஃப்ஏஏ தலைமையகத்திலிருந்து போர் விமானம் கேட்டு அந்தப் பாதையில் ஒரு கோரிக்கைகூடப் போகவில்லை. ரோமுக்கு வந்த செய்திகள் போஸ்டன் போன்ற வட்டாரக் கட்டுப்பாட்டு மையங்களில் இருந்தவர்கள் விதியை ஒதுக்கிவிட்டு நேரடியாகத் தொலைபேசியை எடுத்ததால் வந்தவை.

டிரான்ஸ்பாண்டரை அணைத்தால் என்ன? ராடாரில் தெரியாமலா போகும்?

தெரியும், ஆனால் வெறும் புள்ளியாகத் தெரியும். ராடார் இரண்டு வகையாக வேலை செய்கிறது. முதல்நிலை ராடார், அலை மோதித் திரும்புவதை மட்டும் காட்டும். இரண்டாம்நிலை ராடார், விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் கருவி அனுப்பும் அடையாள எண்ணையும் உயரத்தையும் காட்டும். கருவியை அணைத்துவிட்டால் எண்ணும் உயரமும் போய்விடும். அன்று காலை அமெரிக்க வானில் ஏறத்தாழ 4,500 விமானங்கள் இருந்தன. பெயரில்லாத ஒரு புள்ளியை அந்தக் கூட்டத்தில் தேட வேண்டும். ரோமில் இருந்தவர்கள் அமெரிக்கன் 11-ஐ அப்படித் தேடிக்கொண்டிருக்கும்போதே அது வடக்குக் கோபுரத்தில் மோதிவிட்டது.

அமெரிக்கன் 77-க்கு நேர்ந்தது இதைவிட மோசம். 8:56-க்கு அதன் டிரான்ஸ்பாண்டர் நின்றது. முதல்நிலை ராடார் அந்தப் பகுதியை சரியாக எட்டவில்லை, மென்பொருள் கிடைத்த சமிக்ஞைகளைக் கையாண்ட விதமும் சேர்ந்துகொள்ள, இண்டியானாபோலிஸ் மையத்தின் திரையில் 8 நிமிடம் 13 விநாடிக்கு எதுவுமே தெரியவில்லை. 9:05-க்குப் புள்ளி மறுபடி வந்தபோது கட்டுப்பாட்டாளர்கள் அது வழக்கமாகப் போக வேண்டிய மேற்குப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். அது கிழக்கே திரும்பியிருந்தது. மற்ற கடத்தல்களைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. விமானம் விழுந்துவிட்டது என்று நினைத்து மீட்புப் பணிக்குச் சொன்னார்கள். 36 நிமிடம் அந்த விமானம் யார் கண்ணிலும் படாமல் வாஷிங்டனை நோக்கிப் பறந்தது.

ராணுவத்துக்குக் கிடைத்த அவகாசம் எவ்வளவு?

நான்கு விமானங்களையும் தனித்தனியே பார்த்தால்தான் புரியும். அமெரிக்கன் 11 கடத்தப்பட்டது என்று போஸ்டன் மையத்துக்கு 8:25 வாக்கில் தெரிந்தது. ரோமுக்குச் செய்தி வந்தது 8:38-க்கு. "இது நிஜமா, ஒத்திகையா?" என்று அங்கே கேட்டார்கள். 8:46-க்குக் கிளம்பும் உத்தரவு போனது, அதே நிமிடத்தில் விமானம் மோதியது. அவகாசம் 9 நிமிடம்.

யுனைடெட் 175 தெற்குக் கோபுரத்தில் மோதியது 9:03-க்கு, அது கடத்தப்பட்டது என்ற செய்தி ரோமுக்கு வந்ததும் 9:03-க்கு. அமெரிக்கன் 77 "காணவில்லை" என்று மட்டும் 9:34-க்குத் தெரிந்தது, அதுவும் வேறொன்றைப் பற்றி விசாரித்தபோது தற்செயலாக. 9:37-க்கு அது பென்டகனில் மோதியது. யுனைடெட் 93 பென்சில்வேனியாவின் ஷாங்க்ஸ்வில் அருகே வயலில் விழுந்தது 10:03-க்கு. அது கடத்தப்பட்டது என்று ரோமுக்குச் சொன்னது 10:07-க்கு.

ஓட்டிஸிலிருந்து கிளம்பியவை நேராக நியூயார்க் போயிருக்கலாமே?

அவை தரையைவிட்டு எழுந்தது 8:53-க்கு. முதல் விமானம் மோதி 6 நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நியூயார்க் 153 மைல் தொலைவில், அதாவது சுமார் 245 கிலோமீட்டரில் இருந்தது. இரண்டாவது விமானத்தைப் பற்றித் தகவலே இல்லை. இலக்கு எது என்று தெரியாத நிலையில், பயணிகள் விமானங்கள் நெருக்கமாகப் பறக்கும் வானுக்குள் இவற்றை விட வேண்டாம் என்று லாங் ஐலண்டுக்கு அப்பால் கடல்மேல் நிறுத்தினார்கள். மன்ஹாட்டனுக்கு மேல் அவை வந்து சேர்ந்தது 9:25-க்கு.

லாங்லி விமானங்கள் எதிர்த்திசையில் கடலுக்குப் போனது எப்படி?

முதலில் அவை ஏன் கிளம்பின என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே கோபுரத்தில் மோதிவிட்ட அமெரிக்கன் 11 இன்னும் பறக்கிறது, வாஷிங்டனை நோக்கி வருகிறது என்று 9:21-க்கு ரோமுக்கு ஒரு தவறான தகவல் வந்தது. அதைத் தடுக்கத்தான் 9:24-க்கு உத்தரவு போனது. இல்லாத விமானத்தைத் தேடிப் போனார்கள்.

9:30-க்கு எழுந்த எஃப்-16கள் வடக்கே பால்டிமோர் பக்கம் போயிருக்க வேண்டும். மூன்று கோளாறுகள் ஒன்றுசேர்ந்தன. உத்தரவில் இலக்கு எங்கே, எவ்வளவு தூரம் என்று இல்லை. லாங்லியில் வழக்கமாகப் பயன்படுத்தும் பறப்புத் திட்டம் கிழக்கே 60 மைல் போகச் சொன்னது. அந்தத் திட்டம்தான் கடைசி உத்தரவு என்று தலைமை விமானியும் உள்ளூர் கட்டுப்பாட்டாளரும் எடுத்துக்கொண்டார்கள். பென்டகனில் விமானம் மோதியபோது அவை வாஷிங்டனிலிருந்து சுமார் 150 மைல் தள்ளி அட்லாண்டிக் மேல் இருந்தன. கடலிலிருந்து வரும் எதிரிக்காகப் பழகிய கை, யோசிக்காமல் கடலையே காட்டியது.

யுனைடெட் 93-ஐ ராணுவம்தான் சுட்டது என்று சொல்கிறார்களே?

இல்லை. பயணிகள் விமானி அறைக்குள் நுழையப் போராடியபோது கடத்தல்காரர்கள் அதைக் கீழே செலுத்தினார்கள் என்பதை விமானி அறை ஒலிப்பதிவு காட்டுகிறது. மேலே உள்ள நேரங்களையும் பாருங்கள்: விமானம் விழுந்த பிறகே ராணுவத்துக்குத் தகவல் வந்தது. எஃப்ஏஏ தலைமையகத்துக்கு மட்டும் அது 9:34-க்கே தெரியும். 9:49-க்கு "போர் விமானங்களைக் கிளப்பலாமா என்று யோசிக்க வேண்டுமா" என்று எஃப்ஏஏ-யின் சொந்தக் கட்டளை மையத்திலிருந்து தலைமையகத்தைக் கேட்டார்கள். தலைமையகத்தில் முடிவெடுக்க ஆள் இல்லை.

பயணிகள் தடுத்திருக்காவிட்டால் 10:13 முதல் 10:23-க்குள் அது வாஷிங்டனை எட்டியிருக்கும். தடுத்திருப்போம் என்று நோராட் சொன்னது. ஆணையம் அதை ஏற்கத் தயாராக இல்லை. அடுத்த பதில் காரணத்தைச் சொல்லும்.

சுட உத்தரவு கொடுக்கப்பட்டதா, இல்லையா?

கொடுக்கப்பட்டது. துணை அதிபர் டிக் செனி வெள்ளை மாளிகையின் பதுங்கு அறையிலிருந்து 10:10-க்கும் 10:15-க்கும் இடையே அனுமதி கொடுத்தார். அதிபர் புஷ் முன்பே தொலைபேசியில் ஒப்புதல் தந்தார் என்று இருவரும் சொன்னார்கள். அந்த அழைப்புக்கு ஆவணச் சான்று எதையும் ஆணையம் காணவில்லை.

உத்தரவு நோராட் வழியே கீழே இறங்கியது 10:31-க்கு. ரோமில் இருந்த தளபதி அதை விமானிகளுக்குச் சொல்லவில்லை. எப்படி நிறைவேற்றுவது என்று தெரியாமல் சொல்வதில் அவருக்குத் தயக்கம். எனவே வாஷிங்டன் மேல் வட்டமிட்ட லாங்லி விமானிகளுக்குத் தெரிந்ததெல்லாம் "வகையையும் வால் எண்ணையும் பார்த்துச் சொல்" என்பதுதான். அதே நேரம் ஆண்ட்ரூஸ் தளத்திலிருந்து 10:38 முதல் கிளம்பிய தேசியக் காவல்படை விமானங்கள், அதிபர் பாதுகாப்புப் பிரிவின் பேச்சை வைத்துச் சுடும் அனுமதியோடு பறந்தன. நோராட்டுக்கு அது தெரியாது, அதிபருக்கும் தெரியாது. ஒரே நகரத்தின் மேல் இரண்டு குழுக்கள், இரண்டு விதமான விதிகள். அன்றைய குளறுபடிகளில் மிகவும் அஞ்ச வேண்டியது இதுதான். கவனிக்கப்படாமல் போனதும் இதுதான்.

மேலிடத்தில் எல்லாரையும் ஒரே தொலைபேசி இணைப்பில் கொண்டுவர முடியாதா?

முயன்றார்கள். எஃப்ஏஏ ஒரு கூட்டழைப்பைத் தொடங்கியது. பென்டகனின் கட்டளை மையம் 9:29-க்கு வேறொன்றைத் தொடங்கியது. பென்டகன் அழைப்பில் எஃப்ஏஏ பிரதிநிதி வந்து சேர்ந்தது 10:17-க்கு. நான்கு விமானங்களும் அதற்குள் விழுந்துவிட்டன. வந்தவருக்கும் கடத்தல் நடைமுறையில் பழக்கம் இல்லை.

அன்றைக்கு ஒத்திகை நடந்தது. அதனால்தான் குழம்பினார்கள், இல்லையா?

ரஷ்யக் குண்டுவீச்சு விமானங்கள் வருவதாக வைத்து நோராட் ஒரு பயிற்சி நடத்திக்கொண்டிருந்தது உண்மை. "ஒத்திகையா?" என்று கேட்டுத் தெளிய சில விநாடிகள் ஆயின. ஆனால் பயிற்சிக்காகக் கூடுதல் ஆட்கள் ஏற்கெனவே இருக்கையில் இருந்தார்கள், அது வேலையை வேகப்படுத்தியது என்பதே ஆணையத்தின் முடிவு.

கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட்டின் விமானத்தை 1999-ல் 20 நிமிடத்தில் எட்டிப் பிடித்தார்களே?

இணையத்தில் அதிகம் பரவும் வாதம் இது, கணக்குப் பிழையில் பிறந்தது. 1999 அக்டோபர் 25 அன்று, உள்ளே இருந்தவர்கள் நினைவிழந்துவிட, தானாகப் பறந்துகொண்டிருந்த அவரது சிறு விமானத்திலிருந்து கட்டுப்பாட்டாளருக்குப் பதில் வராமல் போனது கிழக்கு நேரம் 9:33-க்கு. எஃப்-16 அருகே வந்தது 9:52-க்கு. ஆனால் அது மத்திய நேரம். கிழக்கு நேரத்தில் 10:52. விமானம் நேர மண்டலத்தைத் தாண்டிவிட்டது. ஆக, கிட்டத்தட்ட 80 நிமிடம்.

அங்கே போனதும் உஷார் நிலை விமானம் அல்ல. ஃபுளோரிடாவின் எக்லின் தளத்தைச் சேர்ந்த, ஏற்கெனவே வானில் இருந்த சோதனை விமானத்தைத் திருப்பிவிட்டார்கள். ஒரே பாதையில் ஒளியாமல் பறந்த ஒற்றை விமானத்துக்கே அவ்வளவு நேரம் பிடித்தது.

நாட்டுக்குள் ராணுவம் தலையிடச் சட்டம் தடை போடுகிறது. அதனால்தானே உள்வானைப் பார்க்கவில்லை?

சட்டம் ஒழுங்குப் பணிக்கு ராணுவத்தைப் பயன்படுத்த அமெரிக்காவில் 1878-லிருந்து தடை உண்டு. ராணுவத் தரப்பும் அதைக் காரணமாகச் சொல்லிப் பார்த்தது. ஆணைய உறுப்பினர் ஜேமி கோரெலிக் அதை மறுத்தார்: காவல் துறை வேலைக்குத்தான் அந்தத் தடை, வானிலிருந்து வரும் தாக்குதலைத் தடுப்பதற்கு அல்ல. அவர் சொன்னதே சரி. முதல் பதிலில் சொன்ன பணி ஆவணத்தையும் சேர்த்துப் படித்தால், உள்வானைப் பார்க்காதது நோராட் தானே பழகிக்கொண்டது என்பது தெரியும்.

தப்பு முழுக்க எஃப்ஏஏ-மேல்தானே? ராணுவத்தை ஏன் சேர்க்கிறீர்கள்?

காலத்தில் சொல்லாதது எஃப்ஏஏ-யின் தவறு, சந்தேகமில்லை. ஆனால் சொல்லாவிட்டால் தானாகத் தெரிந்துகொள்ள ஒரு வழியையும் நோராட் வைத்திருக்கவில்லை. உள்நாட்டு ராடார்களின் படம் அதன் திரைக்கு வரவில்லை. கடத்தப்பட்ட விமானத்தையே ஆயுதமாக்கலாம் என்ற எண்ணம் அதற்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட கற்பனைச் சூழல்களைச் சில பயிற்சிகளில் வைத்திருந்தது, ஆனால் அவை வெளிநாட்டிலிருந்து வரும் விமானங்கள். காவல்காரன் வாசலை மட்டும் பார்ப்பேன் என்று முடிவெடுத்தால், வீட்டுக்குள் நடப்பதை யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்பது பாதிப் பதில்தான்.

ராணுவம் பொய் சொன்னது என்கிறார்களே, உண்மையா?

ராணுவம் சொன்ன நேரங்கள் தவறானவை. இதில் விவாதத்துக்கு இடமில்லை. 2001 செப்டம்பர் 18 அன்று நோராட் வெளியிட்ட அட்டவணையில், யுனைடெட் 175 பற்றி 8:43-க்கும் அமெரிக்கன் 77 பற்றி 9:24-க்கும் எஃப்ஏஏ தெரிவித்ததாக இருந்தது. 2003 மே மாத விசாரணையில், யுனைடெட் 93 கடத்தல் 9:16-க்கே தெரியும் என்றார்கள். அந்த விமானம் கடத்தப்பட்டதே 9:28-க்குத்தான். லாங்லி விமானங்கள் இல்லாத விமானத்தைத் தேடிப் போனவை என்பதை வாயே திறக்கவில்லை. ஆணையம் 2003 அக்டோபரில் எஃப்ஏஏ-க்கும் நவம்பரில் பாதுகாப்புத் துறைக்கும் சட்ட உத்தரவு அனுப்பி நாடாக்களைக் கேட்டு வாங்கியபின்தான் உண்மை வெளிவந்தது.

இந்தத் தவறான அட்டவணை செய்த தீங்கு பெரிது. "எங்களுக்குத் தெரியும், தயாராக இருந்தோம்" என்ற கதை, தெரியவே இல்லை என்ற உண்மையான ஓட்டையை மூடி மறைத்தது. 9:24-க்கே தெரிந்திருந்தால் 13 நிமிடத்தில் ஏன் தடுக்கவில்லை என்ற நியாயமான கேள்வியும், அதிலிருந்து முளைத்த சதிக் கதைகளும் அந்த அட்டவணை பெற்ற பிள்ளைகள். வேண்டுமென்றே சொன்ன பொய்யா என்று பார்க்கும்படி பாதுகாப்பு, போக்குவரத்து ஆகிய இரு துறைகளின் தலைமை ஆய்வாளர்களிடமும் ஆணையம் விஷயத்தை ஒப்படைத்தது. 2006-ல் வெளிவந்த முடிவு: வேண்டுமென்றே ஏமாற்றியதாகச் சான்று இல்லை, பதிவுகளைச் சரியாகப் பராமரிக்கவில்லை, சரிபார்க்கவில்லை. கையில் நாடா இருந்தும் இரண்டு ஆண்டுக்கு மேல் போட்டுக் கேட்காததை மறதி என்று விட்டுவிட முடியாது.

யாருக்காவது தண்டனை கிடைத்ததா?

வான்காப்பில் ஒருவருக்கும் இல்லை. நோராட் தளபதி ரால்ஃப் எபர்ஹார்ட், அமெரிக்க மண்ணைக் காக்க 2002 அக்டோபரில் உருவான வடக்குக் கட்டளையகத்தின் முதல் தளபதியானார். 

ஒப்பிட இரண்டு நிகழ்வுகள். 1987 மே 28 அன்று மத்தியாஸ் ரஸ்ட் என்ற மேற்கு ஜெர்மானிய இளைஞர் ஹெல்சிங்கியிலிருந்து சிறிய செஸ்னா விமானத்தை ஓட்டிவந்து மாஸ்கோ செஞ்சதுக்கம் அருகே இறக்கினார். சில நாட்களுக்குள் சோவியத் பாதுகாப்பு அமைச்சர் சொகோலோவும் வான்காப்புத் தளபதி கொல்துனோவும் பதவி இழந்தார்கள். ஆனால் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் தனக்கு ஒத்துவராத தளபதிகளை நீக்க அது வசதியாக இருந்தது, எனவே அதைத் தூய பொறுப்புக்கூறல் என்று சொல்ல மாட்டோம். 2019 பிப்ரவரி 27 அன்று ஸ்ரீநகர் அருகே பட்காமில் இந்திய வான்காப்பு ஏவுகணை தன் சொந்த மி-17 ஹெலிகாப்டரையே வீழ்த்தியது. படையினர் 6 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் விமானப்படைத் தளபதி பதௌரியா அதைப் பெரிய தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார், அதிகாரிகள் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது.

பயணிகளோடு இருக்கும் விமானத்தைச் சுட ஓர் அரசுக்கு உரிமை உண்டா?

நாட்டுக்கு நாடு பதில் மாறும். ஜெர்மனி 2005-ல் அதற்குச் சட்டம் இயற்றியது. குற்றமற்ற பயணிகளை வெறும் பொருளாக நடத்துவது மனித மாண்புக்கு எதிரானது என்று அதன் அரசியல் சாசன நீதிமன்றம் 2006 பிப்ரவரி 15 அன்று அந்தப் பிரிவை ரத்துசெய்தது. இந்தியா 2005-ல் ஏற்ற கடத்தல் தடுப்புக் கொள்கை, விமானம் ஏவுகணையாக மாறும் நிலையில் சுட இடம் தருகிறது. பன்னாட்டு அளவில், பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையில் 1984-ல் சேர்த்த பிரிவு, பறக்கும் பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்கிறது. 1983 செப்டம்பர் 1-ல் சோவியத் போர் விமானம் கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு 269 பேர் இறந்ததன் விளைவு அது. ரஸ்ட்டைச் சோவியத் விமானிகள் பார்த்தும் சுடாததற்கும் அந்த நிகழ்வின் நிழல் ஒரு காரணம்.

அதற்குப் பிறகு என்ன மாறியது? இப்போது ஓட்டை இல்லையா?

கட்டுப்பாட்டு மையங்களையும் நோராட்டையும் இணைக்கும் ஒரு கூட்டழைப்பு இரவு பகலாகத் திறந்தே இருக்கிறது. உள்நாட்டு ராடார் படம் நோராட்டுக்கு வருகிறது. சுடும் அதிகாரம் யாரிடமிருந்து யாருக்கு இறங்கும் என்பதை முன்கூட்டியே வரையறுத்தார்கள். வாஷிங்டனைச் சுற்றி தனிக் கட்டுப்பாட்டு வானும் தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகளும் இருக்கின்றன. வழிதவறிய விமானியை எச்சரிக்க 2005-லிருந்து சிவப்பு, பச்சை லேசர் ஒளி பாய்ச்சுகிறார்கள்.

ஓட்டை இருக்கிறது. 2002 ஜனவரியில் டாம்பா நகரில் 15 வயது மாணவன் ஓட்டிய செஸ்னா ஒரு வங்கிக் கட்டடத்தில் மோதியபிறகே போர் விமானங்கள் வந்தன. 2015 ஏப்ரல் 15 அன்று ஒருவர் ஓட்டிவந்த குட்டி ஜைரோகாப்டர் (ஹெலிகாப்டர் போன்ற சிறு ஊர்தி) வாஷிங்டன் நாடாளுமன்றப் புல்வெளியில் இறங்கியது. மெதுவாக, தாழ்வாகப் பறக்கும் சிறு பொருள் ராடாரில் பறவைக் கூட்டம்போலத் தோன்றும். அதை வடிகட்டாவிட்டால் திரை முழுவதும் பறவைதான், வடிகட்டினால் அந்தப் பொருளும் சேர்ந்து மறைந்துவிடும். 2023 பிப்ரவரி 4 அன்று தென் கரோலினா கடலில் வீழ்த்தப்பட்ட சீன பலூன் விவகாரத்திலும் இதே வடிகட்டிகள்தான் சிக்கல். இதற்கு முன் வந்த பலூன்களைத் தங்கள் கருவிகள் கண்டுபிடிக்கவே இல்லை என்று அப்போதைய நோராட் தளபதி வான்ஹெர்க் இரண்டே நாளில் செய்தியாளர்களிடம் தன் வாயாலேயே சொன்னார். பிறகு வடிகட்டிகளைத் தளர்த்தினார்கள். அடுத்த சில நாட்களிலேயே அலாஸ்கா, கனடா, ஹூரான் ஏரி என்று மூன்று இடங்களில் பறந்த பொருள்கள் திரையில் தென்பட்டு வீழ்த்தப்பட்டன.